முந்தின சாயங்காலத்து முட்டை

1942 ஏப்ரல் வரை வில்லியம் அடுப்பு பற்ற வைத்தவர் இல்லை. சாந்தோம் கோயிலுக்கு வடக்கே, உப்புக் காற்றில் சுவர்ச் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டே இருக்கும் ஒரு சந்தில் மனைவி ஆலிஸ், இரண்டு பெண்கள் கிளாடிஸ், வெரோனிகா என்று குடித்தனம். வேலை ஜார்ஜ் டவுன் தந்தி ஆபீஸில். தந்திக் கருவியில் கட்டுக் கட்டென்று வரும் ஒலியைக் காதால் வாங்கி எழுத்தாக்கும் உத்தியோகம்.

தினமும் விடியற்காலைப் பூசைக்குப் போவார், நன்மை என்கிற திவ்ய அப்பம் வாங்குவார். நன்மை வாங்குகிறவர்கள் நடுநிசியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது என்பது அன்றைய கோயில் சட்டம். ஆகவே பூசை முடிந்த பிறகுதான் வாயில் ஏதாவது போட முடியும். உடனே லஸ்ஸுக்கு நடந்து டிராம் பிடித்தாக வேண்டும். நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காக ஆலிஸ் இருட்டோடு எழுந்து, ஈர விறகை ஊதி, ஆப்பமோ இட்லியோ ஆக்கித் தட்டில் வைத்துக் காத்திருப்பாள். அவர் நின்றபடியே தின்றுவிட்டு ஓடுவார். நாக்கைச் சுட்டுக்கொண்டு போன நாட்கள் நிறைய. ஆலிஸ் கல்யாணத்துக்கு முன் ஆசிரியப் பயிற்சி முடித்தவள். ஒரு நாள்கூட வகுப்பெடுத்ததில்லை. அதைப் பற்றி வீட்டில் பேச்சு வந்ததும் இல்லை.

அந்த வருஷம் ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாளன்று கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். மறுநாள் விசாகப்பட்டினத்தில். அடுத்தது மதராஸ்தான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அவசர வேலையில் இல்லாதவர்கள் பட்டணத்தைவிட்டுப் போய்விடலாம் என்று சர்க்கார் சொன்னதும் எழும்பூர் ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை. தந்தி ஆபீஸ்காரர்களுக்குப் போக அனுமதி கிடையாது. ஆலிஸும் பெண்களும் வேலூரில் அவள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

வண்டி ஏறும்போது ஆலிஸ் கேட்டாள். “காலையில என்ன சாப்பிடுவீங்க?”

“ஓட்டல்ல பாத்துக்கறேன்.”

“ராத்திரிக்கு?”

“அதையும் அங்கயே.”

அந்த வாரமே லஸ்ஸில் இருந்த ஓட்டல்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு மங்களூர்ப் பக்கம் போய்விட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆபீஸில் சிலர் சேர்ந்து ஏதோ ஏற்பாடு செய்துகொண்டார்கள். காலைக்குத்தான் வழியில்லை. வில்லியம் சில நாள் வெறும் வயிற்றோடு போய், பதினோரு மணிக்குத் தந்தி எழுத்துக்களைத் தப்பும் தவறுமாக எழுதினார்.

இதற்கிடையில் அவரிடம் கோழிகள் சேர ஆரம்பித்தன. முதலில் கொண்டுவந்தவர் எதிர்வீட்டு வேதநாயகம்.

“நீங்க இங்கதானே இருக்கப் போறீங்க வில்லியம். இதுங்களைக் கொஞ்சம் பாத்துக்குங்க. முட்டையெல்லாம் நீங்களே எடுத்துக்குங்க.”

வேதநாயகம் கொடுத்தது நாலு பெட்டைகள். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்களும் கொண்டுவந்து விட்டார்கள். சந்து காலியானபோது வில்லியத்தின் கொல்லை நிரம்பியிருந்தது. முறத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கோழிகளைக் கூடைக்குள் துரத்திக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் அந்தோணியம்மாள் வந்தாள். நொச்சிக்குப்பத்துக்காரி. அந்தச் சந்தில் பல வருஷமாக மீன் விற்கிறவள். குண்டு விழுந்தாலும் விழாவிட்டாலும் குப்பத்து ஜனம் கடலை விட்டு எங்கே போகும்? அவர்கள் இருந்தார்கள்.

“இன்னாண்ணே, கோயிப் பண்ணை வெச்சிக்கினு கீறே?”

“நான் வெக்கல. எல்லாரும் விட்டுட்டுப் போயிட்டாங்க.”

“தீனி இன்னா போடறே?”

“அரிசிதான்.”

“அரிசியா! பர்மா அரிசியே நின்னுபோச்சு, மன்சனுக்கே கெடிக்கல, கோயிக்குப் போடறியா? மீன் தல, கொடலு நான் தினோம் கொண்டாந்து போடறேன். முட்டைல பாதி எனக்குக் குடு.”

அப்படியே முடிவானது. பாதியைக் கொடுத்த பிறகும் முட்டைகள் மிச்சமாகவே இருந்தன. விற்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை.

“அவிச்சுத் துண்ணேன்” என்றாள் அந்தோணியம்மாள். “அவிக்கத் தெரியுமா?”

“தண்ணியில போட்டா வேகும்.”

“வேவும். எம்மாம் நேரம்?”

வில்லியத்துக்குத் தெரியவில்லை. அவள் சிரித்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தாள். பச்சைத் தண்ணீரில் போட்டு, ஒரு பிடி உப்புச் சேர்த்து, கொதி வந்த பிறகு கொஞ்ச நேரம் விட்டு இறக்கு என்றாள். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. அதை வில்லியம் தானாகக் கண்டுபிடித்தார். சாயங்காலம் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வது அவர் வழக்கமாகியிருந்தது. கொதி வந்ததும் ஆரம்பித்து, பத்துப் பத்து மணியாக உருட்டும் ஜெபத்தில் மூன்று பத்து முடித்தால் மஞ்சள் கரு சரியாக இறுகியிருந்தது. நாலாவது பத்துக்குப் போனால் கருவைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் வளையம் விழுந்தது. மிச்ச ஜெபத்தை முட்டை ஆறும்போது சொன்னார்.

காலையில் அவிக்க முடியாது. விடிவதற்கு முன் நெருப்பு வெளியே தெரியக்கூடாது, யுத்தகால இருட்டடிப்பு உத்தரவு. பூசை முடிந்து வந்து அடுப்பு மூட்டினால் டிராம் போய்விடும். ஆகவே பொழுது சாய்வதற்கு முன்பே அவித்து, துடைத்து, ஓட்டோடு ஒரு கூடையில் போட்டு, காற்று வரும் ஜன்னல் பக்கம் உறியில் தொங்கவிட்டார். மிளகையும் சீரகத்தையும் உப்போடு பொடித்து ஒரு தகர டப்பாவில் வைத்துக்கொண்டார். பூசை முடிந்து வந்து கூடையை எடுத்தால் போதும்.

அவரோடு வேலை செய்த ஷரஃபுதீனுக்கும் இதே நிலைமை. குடும்பத்தை ஆற்காட்டுக்கு அனுப்பிவிட்டு ராயப்பேட்டையில் தனியாக இருந்தார். வில்லியம் முட்டை கொண்டுவந்தார், ஷரஃபுதீன் திறந்திருந்த ஒரே பேக்கரியிலிருந்து ரொட்டி கொண்டுவந்தார். வேலை தொடங்குவதற்கு முன் இரண்டு பேரும் ஆபீஸ் பின்வராந்தாவில் உட்கார்ந்து ஓடு உரித்தார்கள்.

“வீட்ல கூட இவ்வளவு நிம்மதியா நாஷ்டா பண்ணினதில்ல வில்லியம்” என்றார் ஷரஃபுதீன்.

வில்லியத்துக்கும் அப்படித்தான் தோன்றியது. உட்கார்ந்து, மென்று, பேசிக்கொண்டு சாப்பிடுவது அவருக்குப் புதிது. மத்தியானம் வரை தந்தியில் ஒரு எழுத்தும் தப்பவில்லை. அதுவும் புதிது.

மே மாதம் ஒரு தப்புச் செய்தார். தினமும் அடுப்பு மூட்டுவானேன் என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமையே வாரம் முழுவதற்கும் சேர்த்து அவித்துக் கூடையை நிரப்பிவிட்டார். கத்திரி வெயில். சுவரெல்லாம் ராத்திரியிலும் சுட்டுக்கொண்டிருந்த நாட்கள். வாரத்தின் நடுவில் ஒரு காலை, சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில், தந்தி வாங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து ஓடினார். திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடியும் ஓடினார். ஷரஃபுதீன் ரிக்‌ஷா பிடித்து வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்தார்.

“நீயும் அதைத்தானே சாப்பிட்டே? உனக்கு ஒண்ணும் ஆகலியா?” என்று கேட்டார் வில்லியம்.

ஷரஃபுதீன் தயங்கினார். “நான் சாப்பிடல. உரிச்சதும் வீசுச்சு. நீ பாக்காதப்போ தூக்கிப் போட்டுட்டேன்.”

“சொல்லக்கூடாதா?”

“அவ்வளவு ஆசையாக் கொண்டுவந்தே. எப்படிச் சொல்றது?”

“சொல்லியிருந்தா நானும் சாப்பிட்டிருக்க மாட்டேனேப்பா!”

ஷரஃபுதீன் மன்னிப்புக் கேட்டார். வில்லியம் பேசத் தெம்பில்லாமல் கையை ஆட்டினார். எழுந்து நடமாட ஒரு வாரமாயிற்று. அதுவரை அந்தோணியம்மாள்தான் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். கோழிகளுக்கும் அவளே தீனி போட்டாள்.

அதற்குப் பிறகு அவித்த முட்டை அடுத்த நாள் காலையைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொண்டார். மீந்துபோவதற்கு வேறு வழி யோசித்தார். கிறிஸ்மஸுக்குப் பன்றிக்கறியை ஆலிஸ் காடியில், அதாவது வினிகரில், ஊறவைப்பாள். கறி கெடுவதில்லை. முட்டை மட்டும் கெட்டுவிடுமா என்ன? அலமாரியில் காடி ஒரு புட்டி நிறைய இருந்தது. பூண்டும் காய்ந்த மிளகாயும் உப்பும் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்தார். உரித்த முட்டைகளைப் போட ஜாடியை எடுத்தவர் அப்படியே நின்றார். ஆலிஸ் பன்றிக்கறி போடுகிற ஜாடி அது. எத்தனை கழுவினாலும் ஷரஃபுதீனுக்கு அதிலிருந்து கொடுப்பது முறையில்லை. மறுநாள் கடைக்குப் போய்ப் புது ஜாடி ஒன்று வாங்கி வந்தார். ஷரஃபுதீனிடம் விஷயத்தையும் சொன்னார்.

“புதுசுதானே?” என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு ஷரஃபுதீன் எடுத்துக் கடித்தார். இரண்டு மூன்று நாள் ஊறிய முட்டை, வெள்ளை லேசாகப் பழுப்பேறி, ஊறுகாய்போல் சுரீரென்றிருந்தது. அன்று அவர் ரொட்டியைக்கூடத் தொடவில்லை.

குண்டு விழவில்லை. மழை தொடங்குமுன் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்தது. வந்தவர்கள் அவரவர் கோழியை எடுத்துப் போனார்கள். வராதவர்களின் கோழிகள் வில்லியத்திடமே நின்றன. ஆகஸ்டு முடிவில் ஆலிஸும் பெண்களும் வந்தார்கள்.

முதல் நாள் ஆலிஸ் வழக்கம்போல் இருட்டோடு எழுந்து சமையலறைக்குப் போனாள். அடுப்பு துடைத்து ஜில்லென்றிருந்தது. உறியில் முட்டைக் கூடை. ஈரத்துணியில் சுற்றிய ரொட்டி. ஒரு சீப்பு வாழைப்பழம். புது ஜாடியில் என்னவோ மிதந்துகொண்டிருந்தது. பின்னால் வில்லியம் வந்து நின்றார்.

“போய்ப் படுத்துக்க ஆலிஸ். எல்லாம் நேத்தே ஆயிடுச்சு.”

“ஆறிப்போனதையா புள்ளைங்களுக்குக் குடுக்கறது?”

“முட்டை ஆறினா என்ன?”

அவள் போய்ப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. விடிந்ததும் வெரோனிகா காடி முட்டையைத் தின்றுவிட்டு, “அப்பா, இன்னொண்ணு” என்று கை நீட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வில்லியம் நல்லது செய்திருக்கிறார், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் பதினாலு வருஷமாக அவள் தூக்கத்தைக் கொடுத்து ஓட்டிய ஒரு வேலை, அவள் இல்லாமலே, அதைவிடச் சுலபமாக நடந்துகொண்டிருந்தது. தொடர்ந்து பல நாள் இருட்டில் எழுந்து, செய்ய ஒன்றுமில்லாமல் படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நாள் சொன்னாள். “என் வீட்லயே எனக்கு விருந்தாளி மாதிரி இருக்கு.”

“வேணாம்னா விட்டுடறேன்.”

“விடச் சொல்லல.”

“பின்னே?”

“தெரியல.”

அவர் முட்டைக் கூடையை உறியில் மாட்டினார். பேச்சு அதோடு நின்றது.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வந்த ஆலிஸைக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்து மதர் கூப்பிட்டார். மூன்றாம் வகுப்பு டீச்சர் குண்டுக்குப் பயந்து ஊர் காலியான எவாகுவேஷனில் கோயமுத்தூர் போனவர், திரும்பி வரவில்லை. “நீ டிரெயினிங் முடிச்சவதானே? வர்றியா?”

“எங்க மதர், காலையில வீட்டு வேலையே…” என்று ஆரம்பித்த ஆலிஸ் பாதியில் நிறுத்திக்கொண்டாள். காலையில் வேலை எதுவும் இல்லை. “கேட்டுட்டுச் சொல்றேன்” என்றாள்.

வில்லியம் உடனே சரி என்று சொல்லவில்லை. கொல்லையில் கோழிக்கூடையைக் கவிழ்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றார்.

“நீ ஊர்ல இல்லாதப்போ ஆக்கினேன். யாரும் ஒண்ணும் சொல்லல. நீ இருக்கறப்போ நான் ஆக்கினா பேசுவாங்க.”

“என்ன பேசுவாங்க?”

“பொண்டாட்டி வேலைக்குப் போறா, புருஷன் முட்டை அவிக்கிறான்னு.”

“உண்மையத்தானே பேசப் போறாங்க.”

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. “மத்தியானமும் ராத்திரியும் நான் பாத்துக்கறேன்” என்றாள். “காலைய மட்டும் நீங்க விட்டுடாதீங்க. விட்டா என்னால போக முடியாது.”

அவர் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினார். பிறகு சமையலறைக்குள் அவர் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு ஆலிஸ் மறுநாள் மதரிடம் போனாள்.

பேச்சு வரத்தான் செய்தது. எதிர்வீட்டு வேதநாயகம் சந்தில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். “என்ன வில்லியம், தந்தி ஆபீஸ்ல பிரமோஷனா? சமையக்காரராமே?” வில்லியத்துக்கு முகம் சிவந்துவிட்டது. கொஞ்ச நாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அவித்தார். புகை அடைத்து இருமல் வந்ததும் திறந்துவிட்டார். பிறகு வேதநாயகமும் கேலியை விட்டுவிட்டார்.

ஆலிஸுக்கு முதலில் வகுப்பு கட்டுக்குள் வரவில்லை. குரல் எழும்பவில்லை. முதல் மாதம் முழுக்க வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொண்டாள். விட்டுவிடலாம் என்று இரண்டு தடவை சொன்னாள். வில்லியம் வற்புறுத்தவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. காலையில் அவள் பங்கு முட்டையும் ரொட்டியும் டிபன் டப்பாவில் தயாராக இருந்தன. அவள் எடுத்துக்கொண்டு போனாள். கிறிஸ்மஸ் லீவு முடிந்து திரும்பியபோது குரல் வந்துவிட்டது.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டமாக நன்மை வாங்குவார்கள். நடுநிசியிலிருந்து பட்டினி, பூசை முடிந்து நேராக வகுப்பு. தூரத்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வர நேரமிருக்காது. 1943 பிப்ரவரியில் அப்படி ஒரு வெள்ளியன்று ஆலிஸின் வகுப்பில் ஒரு சிறுமி பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழே சாய்ந்தாள். ஆலிஸ் தன் டப்பாவிலிருந்த முட்டையை எடுத்து ஊட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் கண் தெளிந்தது. மற்றப் பிள்ளைகள் அந்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்ததை ஆலிஸால் மறக்க முடியவில்லை.

மதரிடம் போய், நன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்றாள்.

“நல்லதுதான். ஆனா காலையில சமையல்கட்டுல இருக்கறவங்களும் பூசைக்குத்தானே வர்றாங்க? யார் சமைக்கறது?”

“முந்தின நாள் சாயங்காலமே அவிச்சு வெச்சிடலாம் மதர். கறி தொடாத வெள்ளிக்கிழமை சுத்தபோசனத்துக்கும் முட்டை ஆகும்.”

“அவ்வளவு முட்டையையும் யார் அவிப்பா?”

“எங்க வீட்டுக்காரர்.”

மதர் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மடத்துச் சமையல்கட்டுக்குள் ஆண்பிள்ளை வரக்கூடாது. கடைசியில், கிணற்றுக்குப் பக்கத்தில் வெளியே செங்கல் அடுப்புக் கூட்டிக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். முட்டைக்கு அந்தோணியம்மாள் குப்பத்துப் பெண்களிடம் சொல்லிவைத்தாள். அவர்கள் கூடை கூடையாகக் கொண்டுவந்தார்கள். மாதம் ஒரு வியாழன் சாயங்காலம் வில்லியம் ஆபீஸ் கோட்டைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு, அண்டா நிறைய முட்டை அவித்தார். உடைந்ததை ஒதுக்கினார், மற்றதைத் துடைத்து வரிசையாக அடுக்கினார். அரிசிக்கு ரேஷன் கார்டு வந்த பிறகும் இது நடந்தது. அவருக்கு அதில் பிரியம் இருந்தது என்பது ஆலிஸுக்குத் தெரியும். அந்த வியாழன்களில் அவர் ஆபீஸிலிருந்து நேராக மடத்துக்கே போய்விடுவார், வீட்டுக்கு வந்து காப்பிகூடக் குடிப்பதில்லை.

1946 கோடையில் குப்பத்துக் கோழிகளுக்கு நோய் கண்டது. அந்தோணியம்மாள் வெறுங்கூடையோடு வந்தாள்.

“அல்லாம் பூட்ச்சுண்ணே. காத்தால கயுத்தத் தொங்கப் போட்டுக்கினு நிக்குது, சாயங்காலம் பாத்தா செத்துக் கெடக்குது. ஒண்ணு கூட நிக்கல.”

வில்லியத்தின் கோழிகளும் அந்த வாரமே செத்தன. கடற்கரை மணலில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார். அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடத்தில் முட்டைக்குப் பதிலாகத் தோல் நீக்கி வாங்கிய வேர்க்கடலைப் பருப்பை ஊறவைத்து அவித்துக் கொடுத்தார்கள். அதை மடத்துப் பெண்களே பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் குப்பத்தில் மறுபடி குஞ்சுகள் வளர்ந்தன. ஆனால் கடலைக்கு ஓடு உரிக்கிற குப்பை இல்லை, உடைகிற கவலை இல்லை, அதுவே இருக்கட்டும் என்று மதர் சொல்லிவிட்டார். வில்லியம் சரி என்றார். செங்கல் அடுப்பை அவரே பிரித்து, கற்களைச் சுவரோரம் அடுக்கிவிட்டு வந்தார்.

வீட்டுக் காலை மட்டும் மாறவில்லை. முட்டை கிடைக்காத மாதங்களில் சுண்டலோ வள்ளிக்கிழங்கோ, எதுவானாலும் முந்தின சாயங்காலமே தயாராகிவிடும். ஆலிஸ் கீழ் வகுப்புகளுக்கெல்லாம் மேற்பார்வை டீச்சர் ஆனாள்.

1949-ல் கிளாடிஸைப் பெண் பார்க்கச் செங்கல்பட்டிலிருந்து வந்தார்கள். பையன் பிரகாசம், ரயில்வேயில் குமாஸ்தா. பையனின் அம்மா பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, “பொண்ணுக்குச் சமைக்க வருமா?” என்று கேட்டார்.

“வரும்” என்றாள் ஆலிஸ். “மாப்பிள்ளைக்கு?”

அந்த அம்மாள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரகாசம் தரையைப் பார்த்தான். வில்லியம் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் காப்பி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று எழுந்து போனார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. கிளாடிஸ் உள்பட யாரும் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஜூலையில் அவள் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தாள்.